ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்டவன்

மதுரையில் யாரிடம் வேண்டுமானாலும் ஒயின் ஷாப்புக்கு வழி கேட்கலாம். கோயிலுக்கு வழி சொல்வதைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒயின் ஷாப்பில் போய் ஒயின் கேட்டால்தான் சிக்கல்.

"அண்ணே, ரெட் ஒயின் இருக்கா?"

உள்ளே இருந்தவர் பதில் சொல்வதற்கு முன்னால், எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். "என்ன தம்பி, கல்யாணம் வருதா? கலர் ஏத்தணுமா?"

சிவப்பு ஒயின் குடித்தால் நிறம் கூடும் என்பது நம்ம ஊரில் ஒயினைப் பற்றி உலவும் ஒரே அறிவு. குடிக்கிறவர்கள் கணக்கில் அது குடியே கிடையாது. குடிக்காதவர்கள் கணக்கில் அதுவும் குடிதான். இரண்டு பக்கமும் மதிக்காத அந்த பாட்டில் அலமாரியின் மூலையிலிருந்து எடுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு என் கைக்கு வந்தது. இருந்ததிலேயே விலை குறைந்த பாட்டில். மாதக் கடைசியில் வாங்கினாலும் மனசு உறுத்தாத விலை.

ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, நாவல்பழம் தின்ற பிறகு நாக்கில் நிற்குமே, அந்த மாதிரி ஒரு இழுப்பு. எனக்குப் பிடித்திருந்தது. ஒயின் ரசிகர்கள் பேசுகிற தோல், புகையிலை, ஈரமண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வறுத்த கடலையோடு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். நாசிக், மகாராஷ்டிரம்.

அங்கேதான் இந்தக் கட்டுரை ஆரம்பித்தது. நாசிக் இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. திராட்சைக்குப் பேர்போன கம்பம் பள்ளத்தாக்கு இங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 1996இல் தேனி தனி மாவட்டமாகிறவரை அது மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. மதுரைக்காரன் ஒருவன் கைக்கெட்டும் விலையில் சிவப்பு ஒயின் குடிக்க நினைத்தால், அது ஏன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வராமல் பாதி நாட்டைக் கடந்து வர வேண்டும்?

கேள்வி சின்னதுதான். பதில் தேடப் போனால் இரண்டாயிரம் வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் இன்னொன்றும் நடந்தது. நாமே ஒரு ஏக்கர் வாங்கி நாலு கொடி நட்டால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. ஐடி வேலையில் பத்து வருஷம் ஓட்டிய எல்லோருக்கும் வருகிற வியாதி இது. சிலருக்கு இயற்கை விவசாயம், சிலருக்கு நாட்டு மாடு. எனக்குத் திராட்சை.

ஆற்றின் வாய்

முதலில் சொல்லைப் பார்க்கலாம். திராட்சை என்பது 'த்ராக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் தமிழில் இந்தப் பழத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கொடிமுந்திரி, முந்திரிகை என்றெல்லாம் அகராதிகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் திராட்சைத் தோட்டம் என்றால் முந்திரிகைத் தோட்டம்தான். நாம் முந்திரி என்கிற கொட்டை பிரேசிலைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. வந்த பழம் ஏற்கெனவே இருந்த பழத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. பழைய பழம் வடசொல்லுக்கு மாறியது. இங்கே திராட்சை அவ்வளவு பரவலாக விளைந்திருந்தால் அதன் பெயரை இன்னொன்று இத்தனை சுலபமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பழம் அரிதாக இருந்தாலும் அதன் ரசம் வந்துகொண்டுதான் இருந்தது, கடல் வழியாக. புறநானூற்றின் 56ஆம் பாட்டு பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் பாடியது. யவனர் கொண்டுவந்த, குளிர்ந்த மணமுள்ள தேறலை வளையணிந்த பெண்கள் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நீ குடித்து மகிழ்ந்து இனிது வாழ்க என்று பாண்டியனை வாழ்த்துகிறார். கள்ளும் நறவும் அரிசியில் செய்த தோப்பியும் எல்லாருக்கும் தெரிந்த தமிழ்நாட்டில், யவனர் தேறல் அரசனின் கோப்பைக்குரியது.

அது எப்படிப்பட்ட ஒயின்? இங்கேதான் எனக்கு உற்சாகம் வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் பாண்டிச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் தோண்டியபோது, கூரான அடியும் இரண்டு கைப்பிடியும் கொண்ட மத்தியதரைக்கடல் ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆம்போரா என்பார்கள். பிற்காலத்தில் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஓடுகளை மறுபடி எடுத்து வகை பிரித்தார். அவற்றில் கணிசமானவை கோஸ் தீவின் பாணி ஜாடிகள். ஒவ்வொரு கைப்பிடியும் இரண்டு உருளைகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் உயர்ந்த சரக்கு இல்லை. கடல்நீர் கலந்து செய்வார்கள். நீண்ட பயணத்தில் கெடாமல் இருக்கும். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தன்னுடைய விவசாய நூலில், கோஸ் ஒயினை இத்தாலியிலேயே போலியாகச் செய்வதற்கு ஒரு செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். அதாவது, ரோமில் அது சாதா ஒயின். மாதக் கடைசி ஒயின்.

பாண்டியன் குடித்த அதே ஜாடியில் இதே சரக்கு இருந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தமிழகக் கரைக்கு வந்த ஒயினில் பெரும்பங்கு இந்த ரகம் என்றால், என் செய்தித்தாள் சுற்றிய பாட்டிலுக்கு இரண்டாயிரம் வருஷப் பரம்பரை இருக்கிறது. ஓர் ஊரில் மலிவானது இன்னோர் ஊருக்குக் கப்பலேறி வந்தால் பொற்கிண்ணத்தில் ஏறிவிடும். இறக்குமதிச் சரக்கின் விதி அன்றைக்கும் இதுதான்.

கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற முதலாம் நூற்றாண்டு வணிகக் கையேடு முசிறிக்கு வரும் பொருட்களின் பட்டியலில் ஒயினையும் சேர்க்கிறது, ஆனால் அதிகமில்லை என்று சொல்கிறது. நம் பக்கத்தில் ராமநாதபுரம் அழகன்குளத்திலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அழகன்குளம் இருப்பது வைகை கடலைத் தேடிப் போகிற முனையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் வாயில் ஜாடி இறங்கியது. அதே ஆற்றின் தலைக்குக் கொடி ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஒரு வாய் ரசத்துக்காக

இடையில் ஒயின் தேவைப்பட்டவர்கள் வணிகர்களோ அரசர்களோ இல்லை, பாதிரியார்கள். கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் கட்டாயம். தென்னங்கள்ளோ கரும்புச்சாறோ அதற்குப் பதிலாக ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு வாய்தான் வேண்டும், ஆனால் தினமும் வேண்டும்.

கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து ரசம் எடுப்பார்கள். போர்த்துக்கீசியர்களுக்கு அதில் திருப்தி இல்லை. 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் இந்த விஷயத்தையும் விட்டுவைக்காமல் போர்த்துக்கீசிய ஒயினைப் பயன்படுத்தச் சொன்னது.

ஏழு வருஷம் கழித்து, 1606இல், ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், மதுவையும் விட்டார். மதுரையின் மேல்சாதியினர் குடிக்கிறவனை மதிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பூசைக்கு ஒயின் இல்லாமல் முடியாது. வெளியில் சொட்டுக்கூடத் தொடாத சந்நியாசி, விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் ரசத்தை உயர்த்திப் பிடிக்கிறார். மதுரைக்கும் ஒயினுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்றைக்கும் நாம் அதைச் செய்தித்தாளில் சுற்றித்தான் எடுத்துப் போகிறோம்.

இப்போது கம்பத்துக் கதைக்கு வரலாம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது எல்லாச் செய்தியிலும் ஒரு வரி தவறாமல் வந்தது: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அழகான வரி. ஆனால் வேலையில் பிழை தேடித் தேடிப் பழகியவனுக்கு எந்த அழகான வரியையும் சும்மா விட முடியாது.

முதல் சிக்கல், பாதிரியார். மதுரை மிஷன் என்றதும் நமக்கு இயேசு சபை நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சபையைப் போப்பாண்டவரே 1773இல் கலைத்துவிட்டார். 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வந்தது 1838இல். எனவே 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்திருந்தால், பாண்டிச்சேரியில் இருந்த பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இது தீர்க்கக்கூடிய சிக்கல்.

இரண்டாவது சிக்கல், பழம். பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கர்நாடகத்தில் குலாபி. இந்த ரகத்தை இங்கிலாந்தில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் சீவார்ட் ஸ்னோ உருவாக்கினார். திராட்சை ரகங்களின் பதிவேடுகள் அதற்குச் சொல்கிற வருஷம் 1850. அந்தத் தேதி சரியென்றால், 1832இல் கப்பலேறிய கொடி இந்தக் கொடியாக இருக்க முடியாது.

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாதிரியார் ஒரு கொடியைக் கொண்டுவந்திருக்கலாம். பிறகு இன்னொரு கொடி வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கலாம், முந்திரியின் பெயரை இன்னொன்று பிடித்த மாதிரி. ஊரின் நினைவு இரண்டையும் ஒன்றாக்கி, வருஷத்தை முதல் கொடிக்கும் பழத்தை இரண்டாவது கொடிக்கும் கொடுத்துவிட்டது. தேதி ஆட்டம் காண்கிறது. காரணம் ஆட்டம் காணவில்லை. இந்த மண்ணில் யாரோ ஒருவருக்குத் தினமும் ஒரு வாய் ரசம் தேவைப்பட்டது, அதற்காக ஒரு குச்சி நடப்பட்டது.

கண்ணாடி வீட்டில் பிறந்தது

சீவார்ட் ஸ்னோ எப்படி இந்த ரகத்தைப் பெற்றார்? தாய், பிளாக் ஹாம்பர்க் என்று ஆங்கிலேயர்கள் அழைத்த கறுப்புத் திராட்சை. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரே கொடி இன்றைக்கும் காய்க்கிறது, அது இந்த ரகம். தகப்பன், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பழமையான மணத் திராட்சை.

இங்கிலாந்தின் குளிருக்கு இரண்டுமே திறந்த வெளியில் சரியாகப் பழுக்காது. பிரபுக்கள் கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரித்துக் குழாய்களில் சூடேற்றி, உள்ளே ஒரு செயற்கைக் கோடையை உண்டாக்கி வளர்த்தார்கள். பன்னீர் திராட்சை அந்தக் கோடைக்குள் பிறந்த குழந்தை.

பன்னீர் என்ற பெயர் எனக்கு எப்போதும் வியப்பு. மஸ்கட் வகைத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற வேதிப்பொருட்கள். இவற்றில் ஜெரானியால் ரோஜாவின் மணத்திலும் முக்கியமானது. நம் ஊர்க்காரர்கள் ஆய்வகம் எதுவும் இல்லாமல், கல்யாண வீட்டில் சொம்பிலிருந்து தெளிக்கிற பன்னீரின் வாசனை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னடக்காரர்களும் குலாபி என்று அதே ரோஜாவைத்தான் பிடித்தார்கள். மூக்கு பொய் சொல்லாது.

ஆற்றின் தலை

கம்பம் பள்ளத்தாக்குக்கு நான் போனது என் நண்பனுடைய சித்தப்பாவைப் பார்க்க. காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தல் வைத்திருக்கிறார். மதுரையிலிருந்து தேனி தாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக வலது பக்கம் மலை நெருங்கிக்கொண்டே வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம்.

அந்த மலைக்குள்ளே ஒரு சுரங்கம் இருக்கிறது. 1895இல் பென்னிகுயிக் முல்லைப்பெரியாறு அணையை முடித்தபோது, அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைத் துளைத்துக் கிழக்கே திரும்பியது. பாதிரியார் தோட்டத்துக் கொடிக்கு ஒரு கிணறு போதும். பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் போட ஒரு ஆற்றையே திருப்ப வேண்டியிருந்தது. கம்பத்தின் பெரும்பாலான விவசாயிகள் அவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள், வீட்டில் படம் மாட்டியிருப்பார்கள். முல்லையாறும் சுருளியாறும் சேர்ந்து வைகைக்குப் போய், வைகை மதுரை வழியாக அழகன்குளம் பக்கம் போகிறது. ஜாடி இறங்கிய ஆற்றின் மேல் முனையில் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பா பந்தலுக்குள் கூட்டிப் போனார். கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி பின்னி, அதன் மேல் கொடி படர்ந்திருக்கிறது. தலைக்கு மேலே பச்சைக் கூரை, அதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கருநீலம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கோயில் பிரகாரம் மாதிரி இருந்தது.

"இப்ப இது எந்த சீசன் சித்தப்பா?"

"சீசனா? நான் கத்திரிய வச்சா அது சீசன்."

பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறார் என்று பிறகு புரிந்தது. குளிர்நாட்டில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் கண் விழித்துத் துளிர்க்கும். வருஷத்துக்கு ஒரு தூக்கம், ஒரு விளைச்சல். கம்பத்தில் குளிர்காலமே இல்லை. கொடிக்குத் தூக்கம் வராது. விட்டால் இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டே இருக்கும், காய்க்காது. அதனால் விவசாயி கவாத்து செய்கிறார். வெட்டி, இலையை உருவி, கொடியை மொட்டையாக்குகிறார். அதுதான் அதற்குக் குளிர்காலம். வெட்டிய நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம்.

நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டி ஒரு முறை அறுக்கிறார்கள். கம்பத்தில் வெட்டுகிற ஒவ்வொரு முறையும் அறுவடை. ஒருவர் இந்த மாசம் வெட்டுவார், பக்கத்துத் தோட்டக்காரர் அடுத்த மாசம். அதனால் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். இந்தியாவில் மற்ற இடங்களில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் வரத்து. கம்பத்தின் பலமே இதுதான்.

நிலக்கரி எரித்து உண்டாக்கிய கோடையில் பிறந்த கொடி, கத்தரி வைத்து உண்டாக்கும் குளிர்காலத்தில் வாழ்கிறது. அதன் வரலாற்றில் இயற்கையான பருவம் என்று எதுவுமே இல்லை. எப்போதும் ஒரு தோட்டக்காரனின் கைதான் அதற்குப் பருவம்.

சித்தப்பா தோட்டத்தின் ஓரத்தில் நீலக்கறை படிந்த ஒரு டிரம் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"போர்டோ."

ஒரு நொடி எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. போர்டோ, பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் பூமி. சித்தப்பா சொன்னது போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிப்பது. அதற்கும் ஒரு கதை உண்டு. 1880களில் போர்டோ பக்கத்து விவசாயிகள், போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறித்துத் தின்னக் கூடாது என்பதற்காகச் சாலையோரக் கொடிகளில் மட்டும் இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்கள். விஷம் மாதிரி தெரியட்டும் என்று. அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வரவில்லை என்பதைப் பியர் மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885இல் எழுதினார். திருடனுக்குப் பயந்து கண்டுபிடித்த மருந்து உலகம் முழுக்கப் போனது. போர்டோவின் ஒயின் கம்பத்துக்கு வரவில்லை, அதன் மருந்து வந்துவிட்டது.

ஏன் ஒயின் ஆகவில்லை

கேள்விக்குத் திரும்பலாம். இங்கே திராட்சை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கை இருக்கிறது. ஒயின் மட்டும் ஏன் இல்லாத மாதிரியே இருக்கிறது?

முதல் காரணம் சட்டம். ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தி, 1974க்குள் மறுபடி கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கதவு திறந்தது. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காகப் பிறந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குப் போயின. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு நாடும் பழகாத ஒன்று உண்டென்றால் அது மெதுவாகக் குடிப்பது. எப்போது கதவு சாத்துவார்களோ என்ற பயத்தில் வளர்ந்த ஊர், சீக்கிரம் ஏறுவதைத்தான் தேடும். ஒரு தோட்டம் நட்டு, பழம் வந்து, ரசம் ஊறி, பாட்டிலுக்குள் வயசாவதற்கு ஒரு தலைமுறைப் பொறுமை வேண்டும். நம் சட்டம் ஒரு தலைமுறைகூட ஒரே மாதிரி இருந்ததில்லை.

இதில் ஒருவருக்கு மட்டும் தனி வழி இருந்தது. பூசை ரசத்துக்கு விதிவிலக்கு. 'தமிழ்நாடு மாஸ் ஒயின் விதிகள், 1984' என்று அதற்கென்றே தனி விதிகள் உண்டு. நொபிலியின் சாத்திய கதவு அரசாணையாகவே ஆகிவிட்டது. மற்றவர்கள் கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டுத் துணி கட்டி வைத்தால், சட்டத்தின் கண்ணில் அது உரிமம் இல்லாத மது உற்பத்தி.

இரண்டாவது காரணம் வரி. மகாராஷ்டிரம் 2001இல் ஒயினைத் திராட்சை விவசாயத்தின் நீட்சியாகப் பார்த்து, உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயினுக்கு கலால் வரியில் சலுகை கொடுத்தது. நாசிக்கில் ஒயின் ஆலைகள் முளைத்தன. நம்மிடம் பிராந்தியும் ஒயினும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

மூன்றாவது காரணம், எனக்குப் பிடிக்காத காரணம், பழமே. பன்னீர் திராட்சை உலகின் பல இடங்களில் தின்கிற பழம்தான். தோலில் துவர்ப்பு குறைவு, சதை தளர்வு, மணம் அதிகம். இரவும் சூடாக இருக்கிற ஊரில் பழம் இனிக்க இனிக்க அதன் புளிப்பு இறங்கிவிடும். புளிப்பும் துவர்ப்பும் இல்லாத சிவப்பு ஒயின் உப்பில்லாத ரசம். 18 பிரிக்ஸ் இனிப்புள்ள சாறு முழுசும் புளித்தால் ஏறக்குறைய 10 சதவீதம் ஆல்கஹால் வரும். குடிக்கலாம், ஆனால் நாசிக்கின் ஷிராஸ் மாதிரி நிற்காது.

ஆனால் முடியாது என்று சொல்லிவிட முடியுமா? கலிபோர்னியாவில் இதே பழத்தைக் கறுப்பு மஸ்கட் என்ற பெயரில் இனிப்பு ஒயினாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் குடிக்கிறார்கள். சீனாவின் தியான்ஜின் பக்கத்திலும் இதிலிருந்து ஒயின் செய்கிறார்கள். இவர்கள் எல்லாரையும்விட என்னைப் பிடித்துக்கொண்டவர் ஒரு ஜப்பானியர். கவாகாமி சென்பே, நீகாத்தா மாகாணத்தில் ஒரு நிலக்கிழார். பனி கொட்டுகிற ஊர். 1890இல் தன் தோட்டத்தையே திராட்சைத் தோட்டமாக்கினார். ஐரோப்பியக் கொடிகள் அந்த ஈரத்தில் தாங்கவில்லை. அவர் பனியைச் சேமித்து வைத்து அதைக் கொண்டு ஒயின் ஊறும் அறையைக் குளிரவைத்தார். ஆயிரக்கணக்கில் கொடிகளைக் கலந்து பார்த்தார். 1927இல் ஒரு கலப்பு நின்றது: அமெரிக்க பெய்லி ஒரு பக்கம், மஸ்கட் ஹாம்பர்க் இன்னொரு பக்கம். மஸ்கட் பெய்லி ஏ. இன்றைக்கு ஜப்பானின் சிவப்பு ஒயின் என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற திராட்சை.

நம் பன்னீர் திராட்சையின் பிள்ளை ஜப்பானில் ஒயினாகிக்கொண்டிருக்கிறது. அங்கே அதற்கு 37 வருஷம் ஒரு மனிதர் தன் சொத்தைக் கொடுத்தார்.

ஒரு ஏக்கர்

என் கனவைச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஒரு ஏக்கர், ஒயின் ரகக் கொடி, நாசிக்கிலிருந்து போத்து வாங்கி. சூலாவைத் தொடங்கிய ராஜீவ் சமந்த் அமெரிக்காவில் ஆரக்கிளில் வேலை பார்த்தவர்தான், விட்டுவிட்டு நாசிக்குக்கு வந்து கொடி நட்டவர்தான் என்று உதாரணமும் சொன்னேன்.

சித்தப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு கொத்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் நாலைந்து பழம் வெடித்திருந்தது. முந்தின நாள் மழை.

"ஒரு மழை, ஏப்பா. பழுத்த நேரத்துல ஒரு மழை பேஞ்சா போச்சு. கல்லுக்கால், கம்பி, மருந்து, கூலி எல்லாம் போட்டாச்சு. வியாபாரி வந்து பாத்துட்டு வெலயச் சொல்லுவான். வேண்டாம்னா நாளைக்கு அழுகிரும். நீ ஒயின்ங்கிற. அழுகிப்போற பழத்த வாங்கிக்கிட்டு ஒரு நியாயமான வெல குடுக்க பக்கத்துல ஒருத்தன் இருந்தா, அவன் ஒயின் போட்டா என்ன, வினிகர் போட்டா என்ன?"

நான் கோப்பையின் பக்கமிருந்து இந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பந்தலின் பக்கமிருந்து பார்த்தார். எனக்கு அருகில் விளைந்த மலிவான ஒயின் ஒரு ஆசை. அவருக்கு அது பழுத்த பழத்துக்கு இன்னும் ஒரு நாள் அவகாசம். தின்கிற பழத்துக்கு ஒரே ஒரு சந்தை இருக்கும்வரை விலையைச் சொல்கிறவன் வியாபாரிதான். மெதுவாகக் குடிக்கிற பழக்கம் ஒரு ஊரில் இருப்பது விவசாயிக்கும் ஒருவகை கிடங்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாயிரம் வருஷமாக இந்த ஆற்றங்கரையில் ஒயின் யாரோ ஒருவருடைய தேவையாக வந்தது. யவனனின் சரக்காக வந்தது, பாண்டியனின் பெருமையாக வந்தது, பாதிரியாரின் கடமையாக வந்தது. கொடி வளர்க்கிறவனின் தேவையாக மட்டும் இன்னும் ஒழுங்காக வரவில்லை.

கிளம்பும்போது கவாத்தில் வெட்டிய போத்து நாலு எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

"மாடியில வையி. பந்தல் போடு. ஒயினுக்கு ஆகாது, பிள்ளைக திங்கும்."

நாலில் ஒன்று பிழைத்தது. பெயிண்ட் டிரம்மில் நட்டு, பழைய கேபிள் வயரில் பந்தல் கட்டியிருக்கிறேன். ஒரு வருஷமாக இலையும் கொடியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரையில் அதற்குத் தூங்கத் தெரியவில்லை. போன ஞாயிறு சித்தப்பாவுக்குப் போன் போட்டு எப்போது வெட்டுவது என்று கேட்டேன்.

"உனக்கு எப்ப தோணுதோ அப்ப."

கத்தரி வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் கை வரவில்லை. செழித்துக் கிடக்கிற ஒரு செடியை மொட்டையடிக்க ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது. ராத்திரி அதன் பக்கத்தில் உட்கார்ந்து நாசிக் ஒயினைக் குடிக்கிறேன், வறுத்த கடலையோடு. மதுரைக்குக் குளிர்காலம் வருவதற்காகக் காத்திருந்தால் அது எப்போதும் வராது என்று எனக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு வெட்டிவிடுவேன்.